பாதி வழியில் ஓர் ஓடை இருக்கிறது

மார்ச் மாதம் வந்துவிட்டால் சந்திரமோகன் டெலானிபூர் ஏற்றத்தில் தலையை நிமிர்த்தி நடக்க மாட்டான். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த போர்ட் பிளேரில், குழாய்த் தண்ணீர் மட்டும் அந்த மாதத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறை, அதுவும் நூல் மாதிரி மெலிதாக வரும். எந்த வரிசை வீடுகளுக்கு என்றைக்கு வால்வைத் திறப்பது என்று பங்கிட்டுக் கொடுக்கிற ஜூனியர் இன்ஜினியர் அவன். மழை பெய்யவில்லை, அணை வற்றிவிட்டது என்றால் அவன் என்ன செய்வான்? ஆனால் குடத்தோடு நிற்கிறவர்களின் கண்ணுக்கு அணை தெரியாது. ஸ்கூட்டரில் போகிற சந்திரமோகன்தான் தெரிவான்.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. "இன்னைக்குத் தண்ணி வருமா?" என்று யார் கேட்டாலும் "வரும்" என்று சொல்லிவிடுவான். பொய் சொல்லும் எண்ணமெல்லாம் இல்லை. வராது என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு நாக்கு எழாது, அவ்வளவுதான்.

அவன் குடியிருந்த அரசு குவார்ட்டர்ஸின் கீழ் வரிசையில் இருந்த பொன்னம்மா இதற்கு நேரெதிர். கப்பல் டிக்கெட் கவுன்ட்டரில் உட்காருகிறவள். மெயின்லேண்டுக்குப் போகக் கப்பலில் இடம் கேட்டு வருகிறவர்களிடம் "இல்ல" என்று பகல் முழுக்கச் சொல்லிச் சொல்லி, அந்தச் சொல் அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி சுலபமாகிவிட்டது. இலங்கை மலையகத்திலிருந்து வந்து கச்சல் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். சத்தமாகப் பேசித்தான் பழக்கம். வேண்டுமென்றே தன் வரிசைக்குக் கடைசியில் தண்ணீர் விடுகிறான் என்று அவள் நினைத்தாள். பொங்கலுக்குப் பரமக்குடி போகக் கேட்டபோது வேண்டுமென்றே டிக்கெட் இல்லை என்றாள் என்று அவன் நினைத்தான். பார்த்தால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் காப்பி கூடக் கலக்க முடியாது, அத்தனை சூடு இருக்காது.

இந்த இருவரும் ஒரே மலையில் ஒரே நாளில் ஏறும்படி ஆனது குவார்ட்டர்ஸ் சங்கத்தின் வேலை. மவுண்ட் ஹாரியட் உச்சிக்கு வண்டியில் போய், அங்கிருந்து காட்டு வழியே கடற்கரையிலுள்ள மதுபன் வரை நடந்து இறங்குவது என்று முடிவாயிற்று. மலையின் பெயரை அரசாங்கம் மாற்றிவிட்டது என்றாலும் ஊரில் யாரும் பழக்கத்தை மாற்றவில்லை. வாட்ஸ்அப் குழுவில் முப்பது பேர் வருவதாகச் சொன்னார்கள்.

தண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்று ஒருவர் கேட்டார். உடனே எல்லாரும் சந்திரமோகனின் பெயரைப் போட்டார்கள். தண்ணீர் இன்ஜினியரை வைத்துக்கொண்டு வேறு யாரைக் கேட்பது? அவனுக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. "ஆளுக்கு ஒரு பாட்டில் போதும். அதிகம் சுமக்க வேண்டாம். பாதி வழியில் ஓர் ஓடை இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன்" என்று எழுதினான். பார்த்தது உண்மைதான். நவம்பர் மழையில், முழங்கால் வரை ஓடியபோது பார்த்தது.

எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள். பொன்னம்மாவும் காட்டினாள். எதற்கும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசுகிறவள் வெறும் கட்டைவிரலோடு நின்றபோதே அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாத்தம் படகுத்துறையில் வந்து நின்றவர்கள் ஐந்து பேர். சந்திரமோகன், அவன் மனைவி மீனா, பொன்னம்மா, அவள் கணவர் சிவஞானம், பிறகு டெலிபோன் ஆபீசுக்குத் திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்திருந்த செந்தமிழன். செந்தமிழனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகையால் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலையும் இல்லை. புதுத் தொப்பி, புது ஷூ, முழங்காலில் பட்டி என்று இமயமலைக்குப் போகிறவன் போல வந்திருந்தான்.

பொன்னம்மாவின் கையில் இரண்டு கனத்த துணிப்பைகள். வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"என்னக்கா, அக்கரைக்கு, பாம்பூஃப்ளாட்ல போய்க் குடித்தனம் வைக்கப் போறீங்களா?" என்றான் சந்திரமோகன்.

"ஆமா தம்பி. அங்கயாவது கொழாய்ல தண்ணி வருதான்னு பாக்கலாம்னு."

படகில் ஏறிக்கொண்டிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். அவன் அக்கரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். செந்தமிழன் மரியாதைக்காக ஒரு பையை வாங்கித் தோளில் மாட்டினான். மாட்டியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தான்.

"அக்கா, புளியோதரையா? நல்ல கனமா இருக்கே!"

"சோறுன்னா கனக்கத்தான் செய்யும்" என்றாள் பொன்னம்மா.

பாம்பூஃப்ளாட்டில் பேசிவைத்திருந்த வண்டி நின்றது. டிரைவர் அவர்களை மலையுச்சியில் இறக்கிவிட்டுச் சுற்றுச்சாலையில் மதுபன் வந்து காத்திருப்பதாக ஏற்பாடு. வனத்துறைச் சாவடியில் சீட்டைப் பார்த்தவர் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பானி ஹை நா?" என்று தண்ணீர் இருக்கிறதா எனக் கேட்டார்.

"ஹை, ஹை. பஹுத் ஹை" என்று நிறைய இருப்பதாகவே சொன்னான் சந்திரமோகன். வழக்கம் போல நாக்கு முந்திக்கொண்டது.

முதல் பாதி கொண்டாட்டமாகத்தான் போயிற்று. பாதுக்கு மரங்கள் இலை உதிர்த்துப் பாதையெல்லாம் சருகு மெத்தை. மரங்களின் இடைவெளியில் கீழே கடல் நீலமும் பச்சையுமாக விட்டு விட்டுத் தெரிந்தது. செந்தமிழன் ஒவ்வொரு இடைவெளியிலும் நின்று படம் எடுத்தான், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மிடறு குடித்தான், ஒருமுறை படம் நன்றாக வரவேண்டும் என்று முகத்தையும் கழுவிக்கொண்டான். மீனா, "தம்பி, பாத்து" என்றாள். "பாதியில ஓடை இருக்குக்கா, ஸார் சொல்லியிருக்காரே" என்றான் அவன். சந்திரமோகன் ஆமாம் என்று தலையசைத்துத் தன் பாட்டிலையும் தாராளமாகச் சாய்த்தான்.

காட்டுக்குள் காற்று இல்லை. நிழல் இருந்தும் புழுக்கம் பிழிந்து எடுத்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது, கண்ணில் வியர்வை இறங்கி எரிந்தது. வழியில் மேடேறி மேடிறங்கி, பத்து மணிக்கெல்லாம் அவன் பாட்டிலின் அடி தெரிந்தது. பரவாயில்லை, அடுத்த இறக்கத்தில் ஓடை.

அடுத்த இறக்கம் வந்தது. ஓடையும் வந்தது. அதாவது, கற்கள் வந்தன. உருண்டையும் நீளமுமாக, வெள்ளை வெளேரென்று, யாரோ துடைத்து வைத்தது போலக் கற்கள். ஒரு பாறை இடுக்கில் மட்டும் உள்ளங்கை அளவு குட்டை. அதில் இலைகள் ஊறிக் கறுத்திருந்தன. ஒரு நண்டு அதன் நடுவில் உட்கார்ந்து, இது என் வீடு என்பது போல இவர்களைப் பார்த்தது.

சந்திரமோகன் ஓடையின் மேல்பக்கம் கொஞ்சம் ஏறிப் பார்த்தான். கீழ்பக்கம் இறங்கிப் பார்த்தான். திரும்பி வந்து, ஏதோ நட்டு கழன்ற குழாயைத் தேடுகிறவன் மாதிரி ஒரு கல்லைப் புரட்டியும் பார்த்தான்.

"கல்லுக்கு அடியில வால்வு ஏதும் இருக்கா தம்பி?" என்றாள் பொன்னம்மா.

செந்தமிழன் குட்டைப் பக்கம் குனிந்தான். மீனா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அதக் குடிச்சா நாளைக்கு ஆஸ்பத்திரியில படம் எடுப்பாங்க. பேசாம இரு." பிறகு கணவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. பரிதாபமாகப் பார்த்தாள்.

காலிப் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றான் அவன். ஆபீசில் இருந்தால் அணையைச் சொல்லலாம், பம்பைச் சொல்லலாம், கரண்ட்டைச் சொல்லலாம். இங்கே சொல்ல ஒன்றுமில்லை. நாலு பேர் தன் பேச்சை நம்பி, வெயில் உச்சிக்கு வருகிற நேரத்தில், காட்டின் நடுவில் காலிப் பாட்டிலோடு நிற்கிறார்கள்.

"நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றான். "மழைக்காலத்துல பாத்தது. இப்ப எப்படி இருக்கும்னு யோசிக்கல."

பொன்னம்மா ஒரு பாறையில் உட்கார்ந்தாள். "செந்தமிழா, அந்தப் புளியோதரையக் கொண்டா" என்றாள்.

கயிற்றை அவிழ்த்தபோது உள்ளே ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன் ஒன்று, விளிம்பு வரை நிறைந்து இருந்தது. தன்னுடைய பையையும் அவிழ்த்தாள். அதிலும் ஒரு கேன்.

"அக்கா!" என்று கத்தினான் செந்தமிழன். "இதையா நான் இவ்வளவு தூரம் சொமந்தேன்?"

"சொல்லியிருந்தா சொமந்திருப்பியா? பாதி வழியில ஓடை இருக்கேன்னு மரத்தடியில எறக்கி வெச்சிருப்ப."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும், ஓடை வத்தியிருக்கும்னு?" என்று மீனா கேட்டாள்.

"எனக்கு என்னா தெரியும்? இந்தக் காட்டுக்கு நான் வந்ததே இல்ல. ஓடையைப் பத்தி ஒண்ணும் தெரியாது, இன்ஜினியரைப் பத்தித்தான் தெரியும். இவரு தண்ணி வரும்னு சொன்ன அன்னைக்கெல்லாம் மேல் வரிசைக்குப் போயாவது எல்லாக் கொடத்தையும் நெரப்பி வெச்சிருவேன். கை பழகிப்போச்சு."

முதலில் சிரித்தது சிவஞானம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அடுத்து மீனா. கடைசியில் சந்திரமோகனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, பங்கு போடுங்க இன்ஜினியரே" என்றாள் பொன்னம்மா. "அது ஒங்க வேலைதான்."

அவன் வேலைதான். தன் டிபன் பாக்ஸ் மூடியை எடுத்தான். இப்போது ஆளுக்கு இரண்டு மூடி, பிறகு ஒவ்வொரு தங்கலிலும் ஒரு மூடி, ஒரு கேனைத் தொடாமல் கடைசித் தூரத்துக்கு வைப்பது என்று கணக்குச் சொன்னான். செந்தமிழன் இன்னும் அரை மூடி கேட்டான். கிடையாது என்று சொன்னான். சொன்ன பிறகுதான், எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு கேன்களையும் ஒரு தடியில் கோத்து அவனும் செந்தமிழனும் தோளில் வைத்துக்கொண்டார்கள்.

தண்ணீர் உள்ளே போனதும் பொன்னம்மாவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. பின்னால் நடந்தபடி, போன வருஷம் நாலு நாள் தண்ணீர் வராத கதையை எடுத்தாள்.

"இந்தத் தம்பியக் குத்தம் சொல்லிப் பிரயோசனமில்ல. இவரு அம்பு. மேல ஒரு பெரிய இன்ஜினியர் ஒக்காந்திருக்கானே, ஏசி ரூம்ல, அவனக் கொண்டாந்து இந்தக் காட்டுல ஒரு நாள் விடணும். தொண்டை காஞ்சாத்தான் தெரியும் அந்த ஆளுக்கு…"

பாதை ஒரு பெரிய மரத்தைச் சுற்றித் திரும்பியது. திருப்பத்தில், விழுந்து கிடந்த அடிமரத்தின் மேல், ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். கையில் பெரிய கடிகாரம், முதுகில் குழாய் வைத்த தண்ணீர்ப் பை. பை சப்பையாக ஒட்டிப்போயிருந்தது. முகம் செக்கச் செவேல் என்றிருக்க, ஒரு காலை நீட்டிக் கெண்டைச் சதையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

சந்திரமோகன் அப்படியே நின்றான். அவனுடைய எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் அழகையா அது.

முன்னால் ஓடிப்போய்க் குனிந்தான். அழகையா அவன் மணிக்கட்டைப் பிடித்து வாயைக் காதருகே கொண்டுவந்தார். உதடு வெடித்திருந்தது. ஆனாலும் முதலில் கேட்டது தண்ணீர் இல்லை.

"சந்திரமோகன், அந்தம்மா பேசினது பூரா கேட்டுச்சு. நான் யாருன்னு தயவுசெய்து சொல்லிடாதீங்க."

அதற்குள் பொன்னம்மா வந்துவிட்டாள். ஆளைப் பார்த்ததும் வாயில் இருந்த வசவை அப்படியே விட்டாள். "ஐயோ, யாரு பெத்த புள்ளயோ! நெழலுக்கு நகத்துங்க. கேனை எறக்குங்க. ஒரேயடியாக் குடுக்காதீங்க, வாந்தி எடுத்துருவாரு. கொஞ்சம் கொஞ்சமா."

அவளே அவர் தலையைத் தாங்கிக்கொண்டு ஊட்டினாள். மீனா நனைத்த துண்டைப் பிடரியில் போட்டாள். டிபனில் இருந்த உப்பு ஊறுகாயை விரலில் தொட்டு அவர் நாக்கில் வைத்தாள். சிவஞானம் இதுவரை திறக்காத தன் பையைத் திறந்து ஆறு வெள்ளரிக்காயை வரிசையாக எடுத்து வைத்தார்.

"இது எப்பங்க வாங்குனீங்க?" என்றாள் பொன்னம்மா.

"பீச்சுல ஒக்காந்து நிம்மதியா தின்னலாம்னு" என்றார் அவர். அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம்.

கால் மணி நேரத்தில் அழகையாவின் முகம் மனித நிறத்துக்கு வந்தது. சொன்னார். ஞாயிறுதோறும் தனியாக நடப்பார். இன்று ஜீப்பில் மதுபன் வந்து இறங்கி, டிரைவரை மலையுச்சிக்குப் போய்க் காத்திருக்கச் சொல்லிவிட்டு மேலே ஏறியிருக்கிறார். இரண்டு லிட்டர் கொண்டுவந்தார். ஏற்றத்தில் அது தீர்ந்துவிட்டது. போனில் சிக்னல் இல்லை.

"ரெண்டு லிட்டர் பத்துமாங்க இந்த வெயிலுக்கு?" என்றாள் மீனா.

அழகையா சந்திரமோகனை ஓரக்கண்ணால் பார்த்தார். "மேப்புல பாதி வழியில ஒரு ஓடை போட்டிருந்துச்சு."

பொன்னம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இந்தா, இன்னொருத்தரு! ஒங்க ரெண்டு பேரையும் பெத்த மகராசிங்க யாரு?"

இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அழகையாவின் ஜீப் மேலே. இவர்களின் வண்டி கீழே. மேலே திரும்பினால் அதே ஏற்றம், கெண்டைக்கால் பிடித்த மனிதரோடு. கீழே போனால் பெரும்பாலும் இறக்கம், ஆனால் இன்னும் கிட்டத்தட்டப் பாதி வழி. ஐந்து பேருக்குப் போட்ட பங்கு இப்போது ஆறு பேருக்கு. எல்லாரும் பேசி முடித்து, வேறு வழியில்லாமல், மறுபடியும் சந்திரமோகனைப் பார்த்தார்கள்.

அவன் கேனைத் தூக்கிப் பார்த்தான். வெயிலைப் பார்த்தான். அழகையாவிடம், "சார், கீழ எங்கயாவது தண்ணி பாத்தீங்களா? நிச்சயமாச் சொல்லுங்க" என்றான்.

"இல்ல. ஒரு சொட்டு இல்ல."

"அப்ப வழியில எதுவும் கிடைக்காதுன்னே வெச்சுக்குவோம். இருக்கிறது இவ்வளவுதான். கீழ போவோம். வெயில் தாழ்ற வரைக்கும் இங்கயே நெழல்ல ஒரு மணி நேரம் படுக்கணும், யாரும் நடமாடக் கூடாது. அப்புறம் ஆளுக்கு ஒரு மூடிதான். யார் கேட்டாலும் சேத்துக் கிடையாது."

அழகையா மூடியில் இருந்த கடைசிச் சொட்டையும் நாக்கில் கவிழ்த்துக்கொண்டார்.

ஓய்வு முடிந்து இறங்கத் தொடங்கினார்கள். சிவஞானம் ஒரு பக்கமும் செந்தமிழன் ஒரு பக்கமும் அழகையாவுக்குத் தோள் கொடுத்தார்கள். சந்திரமோகன் இரண்டு கேன்களையும் தானே தூக்கிக்கொண்டான். பொன்னம்மா பேச்சுத் துணைக்குப் புதியவரோடு சேர்ந்து நடந்தாள்.

"நீங்க என்னா வேலைங்க பாக்குறீங்க?"

"கவர்மெண்ட்தாம்மா. இந்தக் குழாய்… லைன்… அந்த மாதிரி."

"பிளம்பரா?"

அழகையா முன்னால் போன சந்திரமோகனின் முதுகைப் பார்த்தார். "அப்படித்தான் வெச்சுக்குங்களேன்."

"நல்லதாப் போச்சு. எங்க வீட்டு டேப்பு ஒரு வருஷமா ஒழுகுது. வந்து பாத்துக் குடுங்க."

"நாலு நாள் தண்ணியே வரலைன்னு சொன்னீங்களேம்மா. அப்புறம் எப்படி ஒழுகும்?"

கப்பல் கவுன்ட்டரில் இத்தனை வருஷத்தில் யாரும் பொன்னம்மாவை இப்படி மடக்கியதில்லை. முன்னால் போன சந்திரமோகனுக்கு முதுகு குலுங்கியது. கேனில் தண்ணீர் களக் களக் என்று கூடவே சிரித்தது.

மூன்றாவது தங்கலில் எல்லாருக்கும் மூடியை நீட்டிவிட்டு அவன் கேனை மூடினான். பொன்னம்மா அவன் கையைப் பிடித்தாள்.

"ஒங்களுக்கு?"

"எனக்கு இப்ப வேணாங்க்கா."

"போன தடவையும் குடிக்கல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். தியாகம் பண்றீங்களோ? நீங்க விழுந்தா ஒங்கள எவன் தூக்குறது? கேனையாவது குடிச்சு எளைக்க வெச்சிரலாம், ஒங்கள என்னா பண்றது? குடிங்க!"

அவன் குடித்தான். அவள் நின்று பார்த்தாள். இன்னொரு மூடி ஊற்றி, போன தங்கலுக்கு உரியதையும் குடிக்க வைத்தாள். வெயிலில் சூடேறி, பிளாஸ்டிக் வாடை அடித்த அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கியபோது, அதற்கு இணையாக எதையும் அவன் இதுவரை குடித்ததில்லை என்று பட்டது.

"பொங்கலுக்கு டிக்கெட் நெசமாவே இல்லையாக்கா?" என்று கேட்டான், கேட்க வேண்டும் என்று நினைக்காமலே.

"எனக்கே இல்ல தம்பி. எங்க அக்கா மவ கல்யாணம் மெயின்லேண்டுல. நானே போகல. யாருகிட்ட போயிச் சொல்றது?"

"கீழ் வரிசைய மொதல்ல தொறந்தா மேல பிரஷர் ஏறாதுக்கா. லைன் பழசு. மேல விட்டு முடிச்சாத்தான் கீழ விட முடியும். வேணும்னு பண்ணல."

"இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னா?" என்றாள் அவள். அதில் கோபம் இல்லை.

கடைசித் திருப்பத்தில் காற்றில் உப்பு வாசம் வந்தது. அடுத்து அலைச் சத்தம். மரங்கள் விலகி மதுபன் கடற்கரை பளீரென்று திறந்தபோது செந்தமிழன் ஷூவோடு தண்ணீருக்குள் ஓடினான். கேனில் இன்னும் நாலு விரல் மிச்சமிருந்தது. சந்திரமோகன் முதல்முறையாகக் கணக்குப் பார்க்காமல் எல்லாருக்கும் ஊற்றினான்.

வண்டி டிரைவர் நிழலில் படுத்திருந்தவன் எழுந்து வந்தான். அழகையாவைக் கண்டதும் பதறிச் செருப்பைத் தேடினான். கோடையில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன் அவன்.

"அரே, படா இன்ஜினியர் ஸாப்! ஆப் இதர் கைசே? நமஸ்தே ஸாப், நமஸ்தே!"

பொன்னம்மா மெதுவாகத் திரும்பினாள். முதலில் அழகையாவைப் பார்த்தாள், பிறகு சந்திரமோகனைப் பார்த்தாள். சந்திரமோகன் கடலைப் பார்த்தான்.

"பெரிய இன்ஜினியரா? ஏசி ரூமா?"

"ஃபேன்தாம்மா" என்றார் அழகையா. "ஏசி ரிப்பேர்."

சிவஞானம் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறிவிட்டு அழகையாவின் முன்னால் போய் நின்றாள். "சரி விடுங்க. மனு எழுதித் தரணும்னு இருந்தேன். எல்லாம் நேர்லயே சொல்லியாச்சு. எழுதுற வேலை மிச்சம்." அழகையா இரண்டு கையையும் கூப்பினார். "நீங்க சொன்னதுல ஒண்ணு நிஜம்மா. தொண்டை காஞ்சாத்தான் தெரியுது. அணையில இல்லாததை நான் கொண்டுவர முடியாது. ஆனா அந்தக் கீழ் வரிசை லைனைப் பாக்கச் சொல்றேன்." அவள், "வரும்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றாள்.

பாம்பூஃப்ளாட் துறையில் படகு ஏறும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அங்கேதான் போன்களுக்கு உயிர் வந்தது. குவார்ட்டர்ஸ் குழுவில், வராமல் வீட்டில் படுத்திருந்த இருபத்தைந்து பேரும் நாளைக்குத் தண்ணீர் வருமா என்று கேட்டிருந்தார்கள். சந்திரமோகன் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து, "நாளை வராது. புதன்கிழமைதான். பிடித்து வைத்திருப்பதைப் பார்த்துச் செலவழியுங்கள்" என்று எழுதி அனுப்பினான். உடனே ஏழெட்டுப் பேர் திட்டினார்கள். திட்டு எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவில்லை.

அப்போது அழகையாவின் போன் அலறியது. மலையுச்சியில் இன்னும் காத்திருந்த டிரைவர் தேடிப் பார்த்துப் பயந்துபோய் வீட்டுக்குச் சொல்லிவிட்டிருக்கிறார். அழகையாவின் மனைவி சொர்ணம்மாவின் குரல், ஸ்பீக்கர் போடாமலே, படகின் மறுகோடிவரை கேட்டது. அழகையா "இல்லம்மா… ஆமாம்மா…" என்பதற்கு மேல் போக முடியாமல் தத்தளித்தார். பொன்னம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா, நான் டெலானிபூர் பொன்னம்மா பேசுறேன். ஒங்க வீட்டுக்காரரு பத்திரமா இருக்காருங்க. கொஞ்சம் காஞ்சு போயிட்டாரு, அவ்வளவுதான். வந்ததும் மோரு குடுத்து, நல்லாக் குளிக்க வையுங்க, சரியாப் போயிரும்."

மறுபக்கத்திலிருந்து சொர்ணம்மா சொன்னது எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது.

"குளிக்கவா? எங்க வீட்லயே இன்னைக்குத் தண்ணி வரலைங்க. காலையில கேட்டேன், வரும்னு சொல்லிட்டுத்தான் நடக்கப் போனாரு."

படகில் இருந்த தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் சிரித்தார்கள். செந்தமிழன் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தான். அழகையா ஈரத் துண்டால் கண்ணைத் துடைத்தார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பொன்னம்மா போனில் சொர்ணம்மாவோடு பேச்சை விடவில்லை. எந்தத் தெரு, எத்தனை குடம், மாடியில் டேங்க் உண்டா என்று விசாரித்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளையும் நடக்க வரச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாத்தம் துறையில் கயிறு வீசிப் படகை இழுத்துக் கட்டினார்கள். சந்திரமோகன் காலிக் கேன்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு, பேசி முடியட்டும் என்று அவள் பக்கத்தில் நின்றான்.